பிரசாதத்தில் சர்க்கரை ஏது?

கொடைக்கானல் ஏரிக்கரையில் எத்தனையோ வருஷமாகச் சைக்கிள் வாடகைக்கு விடுகிற பொன்னுவேல் தானே சைக்கிள் ஓட்டி ஒருவரும் பார்த்ததில்லை. காலையில் செண்பகனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவான். சங்கிலியை அவிழ்த்து வண்டிகளை ரோட்டோரம் வரிசையாக நிறுத்துவான். அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். டூரிஸ்ட் வந்தால் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, "அந்தச் செவப்பு வண்டிய எடுத்துக்கோங்க சார், பிரேக்கு நல்லாப் பிடிக்கும்" என்பான். அந்த நாற்காலியின் பாடுதான் பாவம். போன சீசனில் ஒரு பெங்களூர்க் குடும்பத்தின் கண்ணெதிரிலேயே பழைய நாற்காலி நாலு காலையும் பரப்பிக்கொண்டு விழுந்தது. அவனை எழுப்பிவிட மூன்று பேர் வேண்டியிருந்தது.

பக்கத்தில் மலைச்சாமியின் பஜ்ஜிக்கடை. இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். ஐப்பசி பிறந்து குளிர் இறங்கிவிட்டால் அந்த ஊரில் பசியே வேறு தினுசாகிவிடும். வயிறு கேட்பதற்கு முன்னால் விரல்கள் கேட்கும், சூடாக எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமென்று. மிளகாய் பஜ்ஜி, பிரெட் ஆம்லெட், சீனி தூக்கலாக ஒரு டீ, மறுபடியும் பஜ்ஜி. "குளிருக்குத் திங்காம வெயிலுக்கா திம்பாக?" என்பது பொன்னுவேலின் வேதாந்தம். வேதாந்தம் வளர்ந்ததோ இல்லையோ, வயிறு வளர்ந்தது.

இப்படி இருந்தவனைத்தான் அந்த ஐப்பசியில் மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு டாக்டரம்மா எதிரே உட்காரவைத்துப் பேசினார்.

அவன் தங்கச்சி கண்மணி, ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் செய்யும் நாகராஜுக்கு வாக்கப்பட்டவள். ரத்தக்கொதிப்பு அவள் உடம்பில் சத்தம் போடாமல் குடியிருந்து, இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டது. இப்போது வாரத்தில் பாதி நாள் திண்டுக்கல்லுக்குப் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் எழுந்துவிடுவாள். நாகராஜ் முதல் ஆளாகக் கையை நீட்டினான், ரத்தம் சேரவில்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அண்ணன் ஒருத்தன்தான். பொன்னுவேல் கண் சிமிட்டும் நேரம்கூட யோசிக்கவில்லை. ரத்தம் சேர்ந்தது, வேறு என்னென்னவோ டெஸ்ட்டெல்லாம் சேர்ந்தது. சேராமல் போனது அவன் உடம்பின் கனம்தான்.

"உங்க மனசு ரெடிங்க. உடம்பு ரெடியில்ல" என்றார் டாக்டரம்மா. "எடை ஏகத்துக்கும் இருக்கு. சர்க்கரை வாசப்படியில வந்து நிக்குது. ஈரல்ல கொழுப்பு. இந்த உடம்புல இருந்து ஒண்ண எடுத்தா, கொஞ்ச வருசத்துல நீங்களும் அதே மெஷின்ல போய்ப் படுப்பீங்க. நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப எந் தங்கச்சிக்கு?"

"தை மாசக் கடைசியில வாங்க. அதுக்குள்ள எடையும் சர்க்கரையும் இறங்கியிருந்தா எடுக்கலாம். இல்லாட்டி வேற ஆளத்தான் பாக்கணும். எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு ரெண்டையும் மறந்துருங்க. தினம் நடங்க, இல்ல சைக்கிள் ஓட்டுங்க. ஆமா, நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

பொன்னுவேல் தரையைப் பார்த்தான். "சைக்கிள்தாங்க. வாடகைக்கு விடுறேன்."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது, சிரிப்பு எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. வேறு ஆள் என்று ஒருவர் இல்லை என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்.

பொன்னுவேலின் மனைவி சுதாராணி செண்பகனூரில் ரோட்டோரமாகக் காய்கறிக்கடை வைத்திருக்கிறாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷமே அடுக்களையிலிருந்த எண்ணெய்ச் சட்டியை எடுத்துப் பரணில் ஏற்றினாள்.

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்லிருக்காக. நாளையில இருந்து கொள்ளுதான்."

"நாளைக்கேவா? ஞாயித்துக்கிழமைல இருந்து..."

"பேசாம இருங்க."

சொன்னபடியே செய்தாள். காலையில் கொள்ளு ரசம் ஒரு டம்ளர், மிளகும் பூம்பாறைப் பூண்டும் நசுக்கிப் போட்டது. மத்தியானம் சாமைச் சோறு, அதைவிட இரண்டு பங்கு பீன்ஸும் முட்டைக்கோஸும். ராத்திரி இரண்டு சப்பாத்தி, பருப்பு. டீயில் சீனி இல்லை. சீனி இல்லாத முதல் டீயைக் குடித்துவிட்டு, "யாராச்சும் செத்துப்போனாத்தான் இப்பிடிக் குடிப்பாக" என்றான் பொன்னுவேல். சுதாராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி சைக்கிள். முதல் நாள் வெள்ளனே ஏரிக்கரைக்குப் போய், யாரும் வருவதற்குள் ஒரு சுற்று முடித்துவிடலாம் என்று பார்த்தான். புல்லெல்லாம் பனி. ஏரியின்மேல் வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. குரங்குக் குல்லாயை இழுத்து மாட்டிக்கொண்டு, அந்தச் சிவப்பு வண்டியிலேயே ஏறினான். பாதி தூரம்கூடப் போகவில்லை, நெஞ்சு அடைத்தது, காது விண்ணென்றது, விரல் மரத்துப்போய் பிரேக் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அதைவிடக் கொடுமை சீட்டு. அட பாவி, கருங்கல்லுக்கு ரெக்ஸின் தைத்துப் போட்டது மாதிரியல்லவா இருந்தது! இத்தனை வருஷமாக இதில்தான் ஊரார் பிள்ளைகளை உட்காரவைத்து அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது. அதோடு, நல்லாப் பிடிக்கும் என்று தினமும் சத்தியம் பண்ணிய பிரேக்கும் பிடிக்கவில்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் காலை ஊன்றி நிறுத்தி, மிச்ச தூரத்தைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

அந்த வாரமே எல்லா வண்டிக்கும் புது பிரேக் கட்டை போட்டான், சீட்டை மாற்றினான். ஒரு வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். இனிமேல் பஸ் கிடையாது, செண்பகனூரிலிருந்து ஏரிக்கு ஏற்றத்தில் சைக்கிள்தான்.

ஏற்றம் என்றால் அப்படி இப்படி ஏற்றமில்லை. முதல் நாள் கோழிக்கறிக் கடை வளைவிலேயே இறங்கிவிட்டான். கடைக்காரர் கோழியைக் கையில் பிடித்தபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து அந்த வளைவைத் தாண்டி, சாய்ந்த தைலமரம் வரை போனான். தைலமரத்தைத் தாண்ட கார்த்திகை பிறக்க வேண்டியிருந்தது. அதற்குமேல் சர்ச் சுவர், அதற்குமேல் ஏரி. எங்கே இறங்கித் தள்ளுகிறோம் என்பதுதான் அவனுக்குத் தராசு. "இன்னிக்கு எங்க இறங்குனீங்க?" என்று சுதாராணி கேட்பாள். மரத்துக்குப் பக்கத்தில் என்றால் மரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றும் கேட்பாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மலைச்சாமியால் வந்தது வினை.

பஜ்ஜி வேண்டாம் என்று ஒரு நாள் சொன்னால் வயிறு சரியில்லை என்று விடுவான். இரண்டாவது நாளும் விடுவான். தொடர்ந்து பத்துப் பதினைந்து நாள் சொன்னால் எந்தக் கடைக்காரன்தான் பொறுப்பான்? ஒரு சாயங்காலம் கரண்டியோடு வந்து நின்றான்.

"ஏலே, உள்ளதச் சொல்லு. எம் பஜ்ஜில என்ன கொறை கண்ட? எண்ணெ சரியில்லையா? அந்தப் பய புதுசா மோமோ கடை போட்டிருக்கானே, அங்க போறியா?"

"அடச்சீ. அது இல்லடா."

"பின்ன என்னடா?"

பொன்னுவேலுக்கு மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டான். மலைச்சாமி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பச்சைப் பிள்ளை மாதிரி அழுதான். "யாருகிட்டயும் சொல்லாதடா" என்றான் பொன்னுவேல். சொல்ல மாட்டேன் என்று அடுப்பைத் தொட்டுச் சத்தியம் செய்தான் மலைச்சாமி. மறுநாள் பொழுது விடிவதற்குள் குதிரைக்காரர்களிலிருந்து சோளக்கதிர் சுடுகிறவர்கள் வரை ஏரிக்கரை முழுக்கத் தெரிந்திருந்தது. பெருமையில் சொன்னானாம். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அது பொன்னுவேலிடம் கண்கூடாகத் தெரிகிறது, சைக்கிளில் வரும்போது பாருங்கள் என்று கிண்டலும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்குத் தொடங்கியது.

நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தருக்கு ஆபரேஷன் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், தூக்கு வாளியை எடுத்துவிடுவார்கள். ரத்தம் போகுமே, தெம்பு வேண்டாமா? அதிலும் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கப்போகிற மனுஷன்! குதிரைக்காரர் வீட்டிலிருந்து நாட்டுக்கோழிச் சாறு. ஸ்வெட்டர்க்கடை அம்மா நெய் சொட்டச் சொட்ட உளுந்தங்களி. ஒருவர் மலைத்தேன், இன்னொருவர் பேரீச்சம்பழம். "எனக்கு எடை குறையணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காக" என்றால், "டாக்டருக்கு என்ன தெரியும்? வெறும் உடம்போட போய்ப் படுத்தா கத்தி தாங்குமா?" என்பார்கள். பொன்னுவேல் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பினான். கோழிச் சாற்றில் மட்டும் நாலு மடக்கு குடித்தான், அது வேறு விஷயம்.

பஞ்சாமிர்தம் வந்தபோதுதான் விழுந்தான்.

கார்த்திகையில் மாலை போட்டவர்களும் பழனிக்குப் போய்வந்தவர்களும், ஆளுக்கொரு டப்பா கொண்டுவந்து அவன் கையில் வைத்தார்கள். "உம் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். முருகன் பிரசாதம்." இதை எப்படி வேண்டாம் என்பது? கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு விரல் நாக்கில் வைத்தான். மலைவாழைப்பழமும் கண்ட சர்க்கரையும் நெய்யும் ஏலக்காயும் சேர்ந்து, கொள்ளு ரசத்தில் நொந்துபோயிருந்த நாக்கில் இறங்கியதும், ஐயோ முருகா என்று அவன் வாய்விட்டே சொன்னான். பக்தியா ருசியா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

அப்புறம் அவன் மனசு ஒரு வக்கீலை வைத்து வாதாட ஆரம்பித்தது. இது சாப்பாடு கிடையாது, பிரசாதம். பிரசாதத்தில் சர்க்கரை ஏது? தங்கச்சிக்காகத்தானே அர்ச்சனை பண்ணியிருக்கிறார்கள், தின்னாவிட்டால் அவளுக்கல்லவா பலிக்காமல் போகும்? ஒரு விரல் இரண்டு விரலாயிற்று. சைக்கிள் சாமான் வைக்கும் தகரப்பெட்டியில், பஞ்சர் ஒட்டும் பசைக்குப் பக்கத்தில், டப்பாக்கள் அடுக்காக ஏறின. காலையில் ஏற்றம் ஏறி வந்த களைப்புக்கு ஒரு ஸ்பூன். பதினோரு மணிக்குக் குளிருக்கு ஒரு ஸ்பூன். சுதாராணியிடம் சொல்லவில்லை. பிரசாதத்துக்கு எதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்?

மார்கழி பிறந்த கையோடு, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சுதாராணி அவனை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எடை கொஞ்சம்போல இறங்கியிருந்தது. சர்க்கரை ஏறியிருந்தது. வாசப்படியில் நின்றது இப்போது உள்ளே ஒரு காலை வைத்திருந்தது.

சுதாராணி அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் எண்ணெய அளந்து ஊத்துறேன், சோத்த அளந்து போடுறேன். எங்கங்க தப்பு போச்சு? நான்தான் ஏதோ சரியாச் செய்யலபோல" என்றாள். அவளே தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தபோதுகூட, பாவி மனுஷன், வாயைத் திறக்கவில்லை.

கண்மணியிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் சொல்வோம் என்று பஸ் பிடித்து ஆயக்குடிக்குப் போனான். கொடைக்கானல் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைப் பழனியில் இறங்கும்போதே கழற்ற வேண்டியிருந்தது. வீட்டு வாசல் முழுக்கக் கொய்யாக் கூடைகள். நாகராஜ் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தவன், "வாங்க மச்சான்" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

கண்மணி முதல் நாள்தான் மெஷினுக்குப் போய்வந்திருந்தாள். முகம் உப்பலும் வெளிறலுமாக இருந்தது. பேசிக்கொண்டே எழுந்துபோய்ச் சொம்பிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றினாள். வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டினாள். ரொம்ப நேரம் உருட்டினாள். அப்புறம் கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"ஏந் தாயி துப்புற?"

"குடிக்கக் கூடாதுண்ணே. உள்ள போனா வெளிய வராதுல்ல, நெஞ்சுல போய் நிக்கும். ஒரு நாளைக்கு இந்த ஒரு சொம்புதான். மாத்திரை, காப்பி, ரசம் எல்லாம் அதுக்குள்ளயே. தாகம் தாங்காதப்ப இப்பிடி வாயில வச்சிட்டுத் துப்பிருவேன்." சாதாரணமாகச் சொன்னாள், இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற மாதிரி.

பொன்னுவேலால் உட்கார முடியவில்லை. ஊரில் ஏரி நிறையத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தினம் உட்கார்ந்திருக்கிறான். இங்கே இவள் வாய்க்குள் போன தண்ணீரைத் துப்புகிறாள். இவளுக்காக ஒரு டப்பாவின் மூடியை மூட அவனுக்குக் கை வரவில்லை.

டெஸ்ட்டில் வந்ததைச் சொன்னான். கண்மணி சொம்பை ஓரமாக வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. ஒனக்குப் பயமா இருக்கா? பயமா இருந்தா விட்டுருண்ணே. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். எனக்கு இந்த மெஷின் பழகிப்போச்சு."

கொடுக்கப் பயந்துதான் அண்ணன் உடம்பைக் குறைக்காமல் இருக்கிறானோ என்று இந்தப் பிள்ளை எத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாளோ!  பயமா? இருந்தது. கத்தி என்றாலே பயம். ஊசிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன். ஒவ்வொரு ஸ்பூனிலும் அந்தப் பயமும் ஒரு துளி இருந்திருக்குமோ என்று இப்போதுதான் தோன்றியது.

"பயம் இருக்கு தாயி" என்றான். "ஆனா அதுக்காக இல்ல. நான்... பஞ்சாமிர்தம் தின்னேன்."

"என்னது?"

"பஞ்சாமிர்தம். டப்பா டப்பாவா. ஒம் மதினிக்குத் தெரியாம. பிரசாதந்தானேன்னு."

கண்மணி அவனையே பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்தவள் அப்படியே அழுதாள், அழுதுகொண்டே அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். "எரும! எரும! எதுக்குப் போய் எதத் தின்னுட்டு வந்து நிக்கான் பாரு!" நாகராஜ் கொய்யாவும் கையுமாக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது ஒரு கூடை செங்காயாகப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தான். "இந்தச் சீக்குக்குப் பழம் ஆகாதாம், இவ திங்கக் கூடாது மச்சான். நீங்க தின்னுங்க, பழுக்க விடாமத் தின்னுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சுதாராணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மூன்று நாள் பேசவில்லை. கொள்ளு ரசம் மட்டும் தவறாமல் வந்தது, முன்னைவிடக் காரமாக.

மறுநாள் காலையில் தகரப்பெட்டியைத் திறந்தான். பிரசாதத்தைக் குப்பையில் போட முடியாது, பங்கு வைத்தால் பாவமில்லை. சைக்கிள் எடுக்க வந்த டூரிஸ்ட்களுக்கெல்லாம் இலைத்துண்டில் ஆளுக்குக் கொஞ்சம் வைத்துக் கொடுத்தான். கடைசி டப்பாவை மலைச்சாமி முன்னால் வைத்து, ஆயக்குடியில் பார்த்ததைச் சொன்னான். அவள் தண்ணீரைத் துப்பினதையும் சொன்னான். அதற்குள் ஏரிக்கரை ஆட்களும் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஸ்வெட்டர்க்கடை அம்மா கையிலிருந்த தூக்கு வாளியை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நீங்க எல்லாரும் எனக்கு நல்லதுதான் நெனைக்கிறீக" என்றான் பொன்னுவேல். "இனிமே யாருக்காச்சும் எனக்கு ஏதாச்சும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா, வெள்ளனே வாங்க. எங்கூட ஏரிய ஒரு சுத்து ஓட்டுங்க. வண்டி எல்லாம் சும்மாதான் கெடக்கு, வாடகை வேணாம். அதான் எனக்குத் தெம்பு."

சொல்லிவிட்டானே தவிர, யார் வரப்போகிறார்கள் அந்தக் குளிரில் என்றுதான் நினைத்தான். அடுத்த நாள் விடிகாலையில், ஏற்றம் ஏறி ஏரிக்கரைக்கு வந்தபோது, மலைச்சாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கீழே இரண்டு பேன்ட்டை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு நின்றான். "வெரசா எடுடா வண்டிய. எனக்குக் கடையில சோலி கெடக்கு" என்று உறுமினான். பாதிச் சுற்றில் மூச்சு வாங்கி அவன் வழிநெடுக வைத வசவை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் நாள் குதிரைக்காரர் வந்தார். குதிரைமேல் ஏறி ஊரைச் சுற்றுகிறவருக்குச் சைக்கிளில் பாலன்ஸ் வரவில்லை, குதிரைக்குச் சொல்கிற மாதிரி அதற்கும் "ஹோய், ஹோய்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஸ்வெட்டர்க்கடை அம்மா சேலைக்குள் சுடிதார் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தார். மார்கழிக் குளிரில், பாட்டும் கோலமும் ஒரு பக்கம் நடக்க, குரங்குக் குல்லாய்ப் பட்டாளம் ஒன்று தினமும் ஏரியைச் சுற்றியது. புல்லில் உறைபனி உப்பைத் தூவியது மாதிரி கிடக்கும். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் புகை வரும். பாதிச் சுற்றுக்குமேல் ஸ்வெட்டருக்குள் வியர்க்கும், அப்போது வருகிற சூடு இருக்கிறதே, எந்த பஜ்ஜியாலும் கொடுக்க முடியாத சூடு. இதை மலைச்சாமியே ஒப்புக்கொண்டான். சுற்று முடிந்ததும் அவன் கடையில் பஜ்ஜிச் சட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் சுண்டல் வெந்துகொண்டிருக்கும், எண்ணெய் இல்லாமல், தேங்காய்கூட இல்லாமல். "மாட்டுக்குப் போடுறதா மனுசனுக்கா?" என்று திட்டிக்கொண்டேதான் கிளறுவான். டூரிஸ்ட்களும் அதைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள் என்பதை மட்டும் அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

பொங்கலுக்குத் தங்கச்சிக்குச் சீர் கொண்டுபோனான். அரிசி, மஞ்சள்கொத்து, புடவை. வெல்லத்தைச் சுதாராணி எடுத்து வைக்கவில்லை, அண்ணனும் தின்னக் கூடாது, தங்கச்சியும் தின்னக் கூடாது. கண்மணி அவனைப் பார்த்ததும், "என்னண்ணே, சட்டைக்குள்ள ஆள் இருக்காகளா?" என்றாள். அந்தச் சிரிப்புக்காகவே அவன் திரும்பி வந்து மறுநாள் இரண்டு சுற்று ஓட்டினான்.

தைப்பூசம் வந்தது. காவடியும் பாதயாத்திரையுமாகப் பழனிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், டப்பாவோடுதான். இந்தத் தடவை பொன்னுவேல் ஒவ்வொரு டப்பாவையும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்தான். அதோடு டப்பாவை மூடிப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தான். ஊறின நாக்கு ஊறிக்கொண்டேதான் இருந்தது. அவன் கொஞ்சம் திண்டாடித்தான் போனான். அப்போதெல்லாம் வாயில் தண்ணீரை வைத்து உருட்டுகிற ஒரு முகம் கண்முன் வரும், டப்பாவின் மூடி தானாக மூடும்.

தை முடிய இன்னும் சில நாளே இருந்த ஒரு காலையில், செண்பகனூரிலிருந்து மிதித்துக்கொண்டு வந்தான். கோழிக்கறிக் கடை வளைவு போயிற்று. தைலமரம் போயிற்று. சர்ச் சுவருக்கு வந்தபோது தொடை எரிந்தது, வழக்கமாக இறங்கும் இடம் அதுதான். இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "கண்மணி, கண்மணி" என்று ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டே ஏறினான். ஏரிக்கரையில் வந்து காலை ஊன்றியபோது பட்டாளம் மொத்தமும் கைதட்டியது. சுதாராணிக்குப் போன் போட்டான். "எங்க இறங்குனீங்க?" என்று கேட்டாள் அவள். "ஏரியில" என்றான்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மதுரையில் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். "அதே ஆளுதானா?" என்று சுதாராணியிடம் கேட்டார். சர்க்கரை வாசலை விட்டே இறங்கியிருந்தது. ஈரலும் தேறியிருந்தது. "எடுக்கலாம்" என்றார். பொன்னுவேல் சுதாராணியின் கையைப் பிடித்துக்கொண்டான். சந்தோஷத்தில் பாதி, கத்தியை நினைத்து மீதி. அவன் இரண்டையும் வெளிப்படையாகவே சொன்னான். "பயந்தா பரவாயில்ல, வந்து படுத்தாப் போதும்" என்றார் அவர்.

சொந்த அண்ணன்தானா, மனசாரத்தான் கொடுக்கிறானா என்று பார்க்கிற கமிட்டி, விசாரணை என்று ஒவ்வொன்றாக முடிந்து, பங்குனியில் ஆபரேஷன் நடந்தது. ஏரிக்கரையில் அன்றைக்கு மலைச்சாமி கடையைத் திறக்கவில்லை. பட்டாளம் மட்டும் வழக்கம்போல வந்து ஏரியைச் சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

சில நாள் கழித்து, விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு, முகமூடி கட்டிக்கொண்டு, பொன்னுவேல் அடிமேல் அடி வைத்துத் தங்கச்சியின் அறைக்குப் போனான். கண்மணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் உப்பல் இல்லை. நர்ஸ் ஒரு ஜக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னம்மா, அப்படியே இருக்கு? நல்லாக் குடிங்க. இனிமே எவ்வளவு குடிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுவேல் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தான். கண்மணி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டினாள். பிறகு கண்ணைத் திறந்து, எங்கே துப்புவது என்று அக்கம்பக்கம் தேடினாள்.

"முழுங்கு தாயி" என்றான் பொன்னுவேல்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். மெல்ல விழுங்கினாள். தண்ணீர் தொண்டையில் இறங்கிப் போவதை அவனும் பார்த்தான். அப்புறம் டம்ளரைத் தூக்கி மடமடவென்று, மூச்சு விடாமல், தாடையில் வழிய வழியக் குடித்து முடித்தாள். வெறும் டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்துண்ணே."

தையல் வலித்தது. பொன்னுவேல் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஜக்கைத் தூக்கி, விளிம்பு வரை ஊற்றினான்.